பழைய கார் சஸ்பென்ஷனுக்கு எந்த போல்ட்? பட்டறை வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. வாரத்துக்கு ரெண்டு பேராவது துருப்பிடித்த போல்ட் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து, "இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுங்கண்ணே" என்று நிற்கிறார்கள். அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு வைத்திருப்பவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு நான் கடைந்து கொடுப்பதில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம் பேசி, கடைக்கு அனுப்பிவிடுவேன். அந்தப் பேச்சையே இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் வாயில் வந்த மாதிரியே இருக்கின்றன.

1. "மூணு நூல் போல்ட்டுன்னு கேட்டுத்தான் வாங்குனேன். நட்டு ஏறவே மாட்டேங்குதே?"

நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூணு நூல் 3/8 அங்குலம், ரெண்டரை நூல் 5/16, நாலு நூல் அரை அங்குலம். இது போல்ட்டின் தடிமன் மட்டும்தான். மரை என்ன மரை என்பது நூல் கணக்கில் வராது. 3/8 அங்குலத்திலேயே நாலு வகை மரை உண்டு: யூஎன்எஃப் என்றால் அங்குலத்துக்கு 24 பல், பிஎஸ்எஃப் என்றால் 20, யூஎன்சிக்கும் பிஎஸ்டபிள்யூவுக்கும் 16. யூஎன் என்பது அமெரிக்காவும் இங்கிலாந்தும் சேர்ந்து வைத்த பொது மரை, பிஎஸ் என்பது பழைய பிரிட்டிஷ் மரை, கடைசி எஃப் (ஃபைன்) என்றால் பல் நெருக்கம். ஹார்ட்வேர் கடையில் வெறுமனே "மூணு நூல்" என்று கேட்டால் இரும்பு கேட்டுக்கும் ஷெட்டுக்கும் போகிற 16 பல் போல்ட்தான் கைக்கு வரும். உங்கள் வண்டிக்கு வேண்டியது பெரும்பாலும் 24 பல்.

கடையில் தடிமன், பல், நீளம், கிரேடு (பலம்) நாலையும் சொல்லுங்கள். நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். தலையையும் சேர்த்து அளந்து சொல்லிவிட்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

2. "என் வண்டியில எந்த மரை வரும்? அதைச் சொல்லிடுங்க, போதும்."

அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ். ஹெரால்டு நம்ம வண்டலூரில் கூட்டி ஓட்டிய ட்ரையம்ஃப். இரண்டும் இங்கிலாந்துக் குடும்பம், சஸ்பென்ஷனில் பெரும்பாலும் யூஎன்எஃப். பத்மினி இத்தாலிக்காரன் பெற்ற பிள்ளை, ஃபியட் 1100. அதில் எல்லாம் மில்லிமீட்டர். 1948இல் அமெரிக்காவும் இங்கிலாந்தும் கனடாவும் சேர்ந்து பொது மரை ஒன்றை ஒப்புக்கொண்டன, அதுதான் யூஎன்எஃப், யூஎன்சி. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டி என்றால் பிஎஸ்எஃப், பிஎஸ்டபிள்யூ என்று எதிர்பாருங்கள்.

ஆனால் இதை நம்பி நேரே கடைக்குப் போகாதீர்கள். ஃபேக்டரியை விட்டு வந்தபோது இருந்தது வேறு, நாற்பது வருடத்தில் பத்து மெக்கானிக் கைபட்ட பிறகு இப்போது இருப்பது வேறு. ஒரே அம்பாசடரில் இடது பக்கம் யூஎன்எஃப், வலது பக்கம் எம் 10 (10 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்) என்று நானே கழற்றியிருக்கிறேன். இசுசு எஞ்சின் போட்ட அம்பாசடர் என்றால் எஞ்சின் பக்கம் முழுக்க மில்லிமீட்டர். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

3. "எங்கிட்ட த்ரெட் கேஜ் கிடையாது. மரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஸ்கேலைப் போல்ட் மேல் வைத்து அரை அங்குலத்துக்குள் எத்தனை பல் என்று எண்ணுங்கள். 12 வந்தால் 24 பல் மரை. மூக்குக்கண்ணாடி போட்டு எண்ணுவது உத்தமம்.

அதைவிட நம்பிக்கையான வழி, மரை தெரிந்த புது போல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ரெண்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பல்லோடு பல் பொருத்தி, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஒரே மரை என்றால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பொட்டு வெளிச்சம் வராது. வேறு மரை என்றால் நாலைந்து பல் வரை பொருந்தியிருக்கும், அதற்கப்புறம் ஒரு பல் இன்னொரு பல்லின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும், இடுக்கு வழியாக வெளிச்சம் தெரியும். 3/8 பிஎஸ்டபிள்யூவும் யூஎன்சியும் மட்டும் இந்தச் சோதனையில் ஏமாற்றும். ரெண்டிலும் 16 பல்தான், ஆனால் ஒன்றின் பல் கோணம் 55 டிகிரி, மற்றதில் 60.

தடிமனுக்கு வெர்னியர் வேண்டும். 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீட்டர், எம் 10 என்பது 10. கண்ணால் பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி.

4. "கையால நாலு சுத்து நல்லா ஏறுது. அப்புறம் ஸ்பேனர் போட்டா டைட்டா போகுது. செட் ஆயிடும்ல?"

செட் ஆகாது, நிறுத்துங்கள். இதுதான் 5/16 அங்குலப் போல்ட்டில் எம் 8 ஃபைன் நட்டு ஏற்றும் கதை. 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர், எம் 8க்கு ரொம்பப் பக்கம். 24 பல்லில் பல்லுக்குப் பல் 1.06 மில்லிமீட்டர், எம் 8 ஃபைனில் 1 மில்லிமீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் சின்ன வித்தியாசம் சேர்ந்துகொண்டே போய், நாலாவது ஐந்தாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். நீங்கள் இறுக்கம் என்று நினைப்பது மரை நசுங்குகிற சத்தம்.

எம் 10 ஃபைன் நட்டை 3/8 போல்ட்டில் போட்டால் இன்னும் மோசம். போல்ட் மெலிந்தது, அதனால் லொடலொடவென்று சுகமாக ஏறிவிடும். டைட் ஆன மாதிரியும் இருக்கும். பல்லின் நுனிதான் பிடித்திருக்கும், ஒரு பள்ளத்தில் இறங்கினால் மரை உரிந்துவிடும். சரியான நட்டு கடைசிவரை ரெண்டு விரலாலேயே ஓட வேண்டும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டுக்கு மட்டும் விலக்கு.

5. "தலையில 8.8னு போட்டிருக்கே, அது என்ன சைஸா?"

சைஸ் இல்லை, பலம். முதல் 8 என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், நம்ம கணக்கில் சுமார் 80 கிலோ இழுத்தால்தான் அறும் என்பது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் 80 சதவீதம் வரை, அதாவது 640 வரை இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும் என்பது. கேட்டுக்குப் போகிற எம்எஸ் (சாதா இரும்பு) போல்ட் பெரும்பாலும் 4.6, அதாவது பாதி பலம். சஸ்பென்ஷனில் 8.8க்குக் கீழே எதையும் போடாதீர்கள்.

8.8 என்ற எண்ணோடு தயாரித்த கம்பெனியின் குறியும் தலையில் இருக்க வேண்டும். எண் மட்டும் இருந்து குறி இல்லையென்றால் வாங்காதீர்கள். எண்ணைப் பொறிக்க ஒரு அச்சு போதும்.

6. "பழைய போல்ட்ல நம்பரே இல்லையே. சிலதுல கோடு கோடா இருக்கு."

அங்குலப் போல்ட்டில் எண்ணுக்குப் பதில் கோடு. தலையில் மூன்று கோடு என்றால் அமெரிக்க எஸ்ஏஇ கிரேடு 5, கிட்டத்தட்ட 8.8. ஆறு கோடு என்றால் கிரேடு 8, அது 10.9க்குச் சமம். பிரிட்டிஷ் போல்ட்டில் எஸ் என்ற எழுத்து இருந்தால் 8.8க்குக் கொஞ்சம் கீழே, ஏறக்குறைய அந்த ரகம். தலையின் நடுவில் வட்டமாகக் குழி இருந்தாலோ, பக்கவாட்டில் தொட்டுக்கொண்டிருக்கும் சின்ன வட்டங்கள் பொறித்திருந்தாலோ அது யூஎன் மரை என்பதற்கான அடையாளம், பலத்தைச் சொல்வதல்ல. துருவைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பார்க்காமலேயே இல்லை என்கிறார்கள்.

7. "அப்படின்னா எல்லாத்துலயும் 10.9, 12.9 போட்டுட்டா கவலையே இல்ல?"

வண்டியைத் தயாரித்தவன் 8.8 போட்ட இடத்தில் 8.8 போடுங்கள். 12.9 ஆலன் போல்ட்டை சஸ்பென்ஷனில் மாட்டிவிட்டுப் பெருமையாகக் காட்டுகிறார்கள், எனக்கு அதில் ஒப்புதல் கிடையாது. ரொம்பக் கடினமான போல்ட் வளைந்து எச்சரிக்காது.

முலாம் விஷயம் இன்னொன்று. பளபளப்புக்காக லோக்கலில் கொடுத்து ஜிங்க் ஏற்றுகிறார்கள். ஆசிட்டில் முக்கும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும். உடனே 200 டிகிரி பக்கம் சூட்டில் பல மணி நேரம் வாட்டி எடுக்காவிட்டால், அதிகக் கடினமான போல்ட் இறுக்கி வைத்த இடத்திலேயே ஒரு நாள் தலை தனியாக விழும். 8.8க்கு இந்தப் பயம் குறைவு.

8. "காசிமேட்டுல போட்டுக்குப் போடுற எஸ்எஸ் போல்ட் கிடைக்குது. உப்புக் காத்துக்குத் துருவே புடிக்காது. போட்டுரலாமா?"

கேள்வி நியாயம்தான். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நிறுத்துகிற வண்டியில் ரெண்டு மழைக்காலத்தில் போல்ட் தலை மொட்டையாகிவிடும். ஆனால் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் தலையில் ஏ2-70 என்று இருக்கும். 700இல்தான் அறும், ஆனால் 450இலேயே நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும். 8.8இன் 640ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மேலும் எஸ்எஸ் நட்டும் எஸ்எஸ் போல்ட்டும் இறுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பம்பர், நம்பர் பிளேட், மட்கார்டுக்கு எஸ்எஸ் தாராளமாகப் போடுங்கள். சஸ்பென்ஷனுக்கு 8.8 போட்டு, மாட்டிய பிறகு வெளியே தெரிகிற மரையிலும் தலையிலும் கிரீஸ் தடவுங்கள். வருடம் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால், துடைத்து மறுபடி தடவினால் போதும்.

9. "சரியான நீளம் கிடைக்கல. ஃபுல் த்ரெட் போல்ட்டை வாங்கி அறுத்துப் போட்டுட்டேன். பரவால்லையா?"

எந்த இடம் என்பதைப் பொறுத்தது. இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: போல்ட் ரெண்டு வேலை செய்கிறது. சில இடத்தில் ரெண்டு தகடை அழுத்திப் பிடிக்கிறது. சில இடத்தில் ஆணி மாதிரி குறுக்கே நின்று பாரம் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் கண், ஷாக்கிள் (பட்டை ஸ்பிரிங் முனையைத் தாங்கும் இணைப்பு), ஆர்ம் புஷ் (ஆர்ம் ஆடும் இடத்து ரப்பர் உறை) எல்லாம் ரெண்டாவது ரகம்.

ஆணி வேலைக்கு மரையில்லாத வழுவழுப்பான உடம்பு வேண்டும். 3/8 யூஎன்எஃப் போல்ட்டில் மரையின் அடிக்குழியில் தடிமன் சுமார் 8.2 மில்லிமீட்டர். பாரம் மரை மேல் விழுந்தால் தாங்குகிற இரும்பு கால் பங்கு குறைந்துவிடுகிறது, முறிவும் அந்தக் குழியிலிருந்துதான் ஆரம்பிக்கும். போதாததற்குப் பல் வரிசை, ஓட்டையை அரம் மாதிரி ராவிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் வட்ட ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும். அப்படி ஒரு பிராக்கெட் என் மேஜை டிராயரில் கிடக்கிறது, நம்பாதவர்களுக்குக் காட்ட.

வழி எளிது. வேண்டியதைவிட நீளமான ஹாஃப் த்ரெட் போல்ட் வாங்குங்கள், அதன் வழுவழுப்பான பகுதி ரெண்டு பிராக்கெட்டையும் தாண்டி வெளியே கொஞ்சமே வர வேண்டும். அந்த மிச்சத்துக்குக் கெட்டி வாசர் ஒன்று போட்டு நட்டை இறுக்கி, மிஞ்சிய மரையை அறுத்துவிடுங்கள். அறுப்பதற்கு முன் ஒரு நட்டை ஏற்றி வையுங்கள், அறுத்தபின் அதைக் கழற்றினால் வாய் மரை தானாகச் சரியாகிவிடும்.

10. "இவ்ளோ எதுக்குண்ணே? நீங்களே ஒண்ணு கடைஞ்சு குடுத்தா முடிஞ்சுது."

காசு எனக்கும் கசக்காது. ஆனால் நான் கடைவது கடையில் கிடைக்கிற ராடில். ஃபேக்டரி போல்ட்டில் மரையை வெட்டுவதில்லை, அழுத்தி உருட்டுகிறார்கள். இரும்பின் இழை அறாமல் பல்லோடு சேர்ந்து வளைகிறது. நான் லேத்தில் வெட்டினால் இழை அறுகிறது. அதற்கப்புறம் சூடு ஏற்றி எண்ணெயில் தோய்த்துப் பதப்படுத்தும் வேலை ஒன்று இருக்கிறது, அது என் பட்டறையில் நடக்காது. ஸ்பேசர் குழாய், புஷ், வாசர் கேளுங்கள், மத்தியானத்துக்குள் தருகிறேன்.

11. "அப்ப இந்த யூஎன்எஃப் எங்கதான் கிடைக்கும்?"

பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் நடந்தால் போல்ட் நட் கடைகள் வரிசையாக இருக்கும். எம்எஸ் என்றால் கிலோ கணக்கு, ஹை டென்சில் (8.8 மாதிரி பலமான ரகம்) என்றால் எண்ணிக்கை. கழற்றிய பழைய போல்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் ஷட்டரைப் பார்த்துத் திரும்பாதீர்கள். வண்டிக்கே உரிய ஷாக்கிள், ஷாக்கிள் பின் மாதிரிப் பொருளுக்குப் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு.

யாரும் யோசிக்காத இடம் ஒன்று இருக்கிறது: டிராக்டர் ஸ்பேர் கடை. மாசி ஃபெர்குசன் பழைய மாடல்களும் இங்கிலாந்து வழி வந்தவை, அங்குல மரை உண்டு. ஹார்ட்வேர் கடையில் கைவிரித்த 7/16 யூஎன்எஃப் எனக்கு அங்கேதான் கிடைத்தது. புதுப்பேட்டையில் கழற்றிய பழைய போல்ட்டை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம், அது எத்தனை தடவை நீண்டது என்று யாருக்கும் தெரியாது.

12. "யூ போல்ட் நல்லாத்தான் இருக்கு. பட்டை மாத்திட்டு அதையே போட்டுக்கலாம்ல?"

புதுசு போடுங்கள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டிப் பிடிப்பது யூ போல்ட்தான். எங்கள் மாமா அம்பாசடருக்கு ஒரு ஷெட்டில் பின் பட்டை மாற்றினார்கள், பழைய யூ போல்ட்டையே திருப்பி மாட்டினார்கள். ரெண்டு வாரம் கழித்து எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருக்கிறோம். பின்னால் வந்த மீன் வண்டிக்காரர் பக்கத்தில் வந்து, "யோவ், உன் வண்டி நண்டு மாதிரி போவுதுய்யா!" என்று கத்தினார். ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தால் ஒரு பக்க ஆக்சில் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்திருந்தது. யூ போல்ட் நட்டைக் கையாலேயே திருக முடிந்தது. சென்டர் போல்ட் அறுந்து, அறுந்த முகம் ஒரு பாதி துரு, ஒரு பாதி புது வெள்ளியாக இருந்தது. அதாவது அது ஒரே நாளில் அறுந்ததில்லை.

சென்டர் போல்ட்டின் வேலை ஆக்சிலை இடத்தில் உட்கார வைப்பது மட்டும். பாரத்தைப் பிடிப்பது யூ போல்ட்டின் இறுக்கம். அது தளர்ந்தால் மொத்தப் பாரமும் அந்தச் சின்ன சென்டர் போல்ட்டில் விழுந்து அறுக்கும். யூ போல்ட் ஒருமுறை நீண்டுவிட்டால் திரும்ப அதே இறுக்கம் தராது. வாங்கும்போது ராடு தடிமன், உள் அகலம், கால் நீளம் மூன்றையும் சொல்லுங்கள். மாட்டியபின் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இறுக்குங்கள், பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும்.

13. "ஜாக்கில தூக்கி வச்சிருக்கும்போதே எல்லாத்தையும் டைட் பண்ணிடவா?"

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய துணி மாதிரி எப்போதும் திருகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். கையால் ஏற்றி வைத்து, வண்டியை நாலு சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் அழுத்தி ஆட்டிவிட்டு, அப்புறம் இறுக்குங்கள். புஷ் தரமில்லை என்று திட்டுபவர்களில் பாதிப் பேர் செய்த தப்பு இதுதான்.

14. "எவ்ளோ டைட்? எங்க மெக்கானிக் கை அளவுதான் கரெக்டுன்றாரு."

அவர் கை எவ்வளவு என்று எனக்குத் தெரியாதே. உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவுதான் அளவு. பழைய இங்கிலீஷ் மேனுவலில் பவுண்டு அடி என்று இருக்கும். ஒரு கிலோகிராம்-மீட்டர் டார்க் (திருகு விசை) என்பது 7.2 பவுண்டு அடி, 9.8 நியூட்டன் மீட்டர். ஒரு மனக்கணக்குக்குச் சொல்கிறேன்: சாதா மரை எம் 10, 8.8 போல்ட் 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் தாங்கும். மரையில் எண்ணெயோ கிரீஸோ போட்டு அதே அளவு இறுக்கினால் போல்ட் அதிகம் நீளும். அதனால்தான் 8ஆவது பதிலில் மாட்டிய பிறகு தடவச் சொன்னேன்.

நைலாக் நட்டு ஒரு தடவைதான். ஸ்ப்ளிட் பின்னும் அப்படியே. ஸ்ப்ளிட் பின் செருகும் கோட்டை நட்டில் ஓட்டை நேராக வரவில்லை என்றால் முன்னால் இறுக்கி நேராக்குங்கள், பின்னால் தளர்த்தி அல்ல.

15. "ஹெரால்டு முன் ட்ரன்னியன் ரெண்டும் ஒண்ணுதானே? இடது கிடைக்கல, வலதைப் போட்டேன், ஏறமாட்டேங்குது."

ஏறாது. ட்ரன்னியன் என்பது முன் சக்கரத்தைத் தாங்கும் கம்பின் அடி மரையில் திருகி உட்காரும் மூட்டு. ஒரு பக்கம் இடது மரை, மறுபக்கம் வலது மரை. ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது, அதனால் அது போல்ட்டாகவும் பேரிங்காகவும் வேலை செய்கிறது. அதில் கிரீஸ் அடிப்பது நம்மூர்ப் பழக்கம். கிரீஸ் உள்ளே இறங்காது, இறுகிப்போய்த் தண்ணீரைத்தான் சேர்த்து வைக்கும், மரைக் கம்பு உள்ளுக்குள் துருவேறி ஒரு நாள் முறியும். இபி 90 கியர் ஆயில்தான் விட வேண்டும், கீழே சொட்டும்வரை.

16. "ஓட்டையில மரை போயிடுச்சு. எம் 10 டேப் போட்டுக்கவா?"

3/8 ஓட்டையில் எம் 10 டேப் ஓட்டினால் பழைய பல்லின் மிச்சமும் புதுப் பல்லும் கலந்து அரையும் குறையுமாகத்தான் வரும். 4ஆவது பதிலில் சொன்ன உரிகிற மரைதான் கடைசியில் கிடைக்கும். ஷாசியில் உள்ள தகடு, பிராக்கெட் என்றால் ஹெலிகாயில் (மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டு அதே 3/8 யூஎன்எஃப்பைத் திரும்பக் கொண்டு வரலாம். ஸ்டியரிங் ஆர்ம், ஸ்டப் ஆக்சில் என்றால் வேறு பாகம் தேடுங்கள். அதை வெல்டு வைத்துத் துளை போட்டுக் கொடுக்கச் சொல்லி வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

17. "கீழ் ஆர்ம் போல்ட் அசையவே மாட்டேங்குது. கேஸ் அடிச்சுக் கழட்டிடவா?"

முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அம்பாசடரில் முன்னால் டார்ஷன் பார் (ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பி), முறுக்கிய நிலையில் காத்துக்கொண்டிருக்கிறது. பத்மினி, ஹெரால்டில் சுருள் ஸ்பிரிங் அமுங்கிக்கிடக்கிறது. முறுக்கை இறக்காமல், ஸ்பிரிங்கைக் கட்டாமல் கீழ் ஆர்ம் போல்ட்டை உருவினால் ஆர்ம் அடிக்கிற அடியில் கை உடையும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

அது முடிந்தபின் பெனட்ரேட்டிங் ஆயில் (துருவுக்குள் ஊறும் எண்ணெய்) விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் தலையில் சுத்தியால் நாலு தட்டு, முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம், அப்புறம் கழற்றும் பக்கம். நெருப்பு வைத்தால் ரப்பர் புஷ் போகும், பிரேக் ஹோஸ் பக்கத்திலேயே இருக்கிறது. எதற்கும் வராவிட்டால் நட்டை வகுந்து எடுங்கள். அந்தப் போல்ட் எப்படியும் திரும்ப வண்டிக்குள் போகப் போவதில்லை. அறுத்த துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், செம்புதாஸ் தெருவில் காட்ட அதுதான் வேண்டும்.